இரண்டு பேராலயங்கள், ஒரே மழை

ஆகஸ்ட் 20, 2025, புதன் – மார்த்தாண்டம்

கோவாவில் புனித சவேரியாரின் திருவுடலைப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை கீழே இறக்கி, மக்கள் பார்க்க வைப்பார்கள். கடைசியாக 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை வைத்திருந்தார்கள். எங்கள் பங்கிலிருந்து ஒரு வண்டி நிறைய ஆள் போனது. அம்மாவை அனுப்பவில்லை. முட்டு வலி, இரண்டு ராத்திரி ரயில், அங்கே மணிக்கணக்கில் வரிசை என்று காரணங்கள் எல்லாம் நியாயமானவைதான். அம்மாவிடம் நியாயம் செல்லாது. "அடுத்தது 2034-லயாம். அதுவரைக்கும் இருப்பேன்னு எனக்கு எவனாச்சும் சீட்டு எழுதித் தந்திருக்கானா?" என்று ஜனவரியிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கொச்சி என்பது சமாதானத் திட்டம். கொச்சிக் கோட்டையில் சாந்தா குரூஸ் பேராலயம் இருக்கிறது, போர்ச்சுக்கீசியர்கள் 1505-ல் அடிக்கல் போட்டது என்றேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "அங்கிண சவேரியார் போயிருக்காரா?"

போயிருக்கிறார். போனது மட்டுமில்லை, திருவிதாங்கூர் கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்த செய்தியை அவர் எழுதி அனுப்பியது கொச்சியிலிருந்துதான், 1545 ஜனவரி 27-ம் தேதிக் கடிதத்தில். அம்மாவின் பிறந்த வீடு குளச்சல். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்தப் பத்தாயிரத்துல எங்க ஆளும் கிடப்பான்" என்றாள். பயணம் உறுதியானது.

மைனியும் வருகிறாள். அண்ணன் வளைகுடாவில், பிள்ளைகள் ஹாஸ்டலில். காசும் கணக்கும் மைனி பொறுப்பு. இந்தக் குறிப்புகளில் வரும் விலை எல்லாம் அவளுடைய போனில் இருந்து எடுத்தவை.

கோயில் திறக்கும் நேரத்தைத் தேடினால் இடத்துக்கு இடம் ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தது. ஒன்றில் காலை ஒன்பது, இன்னொன்றில் பத்து. மதியம் அடைப்பார்கள் என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள். எனக்கு லீவு வெள்ளியும் சனியும்தான் கிடைத்தது. எனவே சனிக்கிழமை காலை சாந்தா குரூஸ் என்று முடிவு. அம்மா ஒரு நிபந்தனை போட்டாள்: தூரத்துக் கோயிலுக்குப் போகுமுன் கோட்டாற்றில் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

ஆகஸ்ட் 21, வியாழன் – கோட்டாறு, புலியூர்க்குறிச்சி

மத்தியானம் பள்ளிக்கூடத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்பினேன். சாரல். குடை விரித்தால் தேவையில்லை என்று தோன்றும், மடக்கினால் நனையும், அந்த மாதிரி.

'கேட்ட வரம் தரும் கோட்டாற்றுச் சவேரியார்' என்று எங்கள் பக்கம் குழந்தைக்கும் தெரியும். டிசம்பர் 3-ம் தேதித் திருவிழாவுக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அந்தக் கூட்டத்தில்தான் நான் எப்போதும் போயிருக்கிறேன். சாதாரண வியாழக்கிழமை மத்தியானத்தில் கோயில் வேறு மாதிரி இருந்தது. பீடத்துக்கு முன்னால் தேவசகாயம் பிள்ளையின் கல்லறை. நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பையன் பரீட்சை ஹால் டிக்கெட்டை எடுத்துக் கல்லறை மேல் வைத்து, கண்ணை மூடி, மறுபடி பையில் போட்டுக்கொண்டான்.

தேவசகாயம் பிள்ளை எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர், நட்டாலம். 1712-ல் பிறந்து, நீலகண்ட பிள்ளையாக அரண்மனை உத்தியோகத்தில் இருந்து, 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கியவர். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். உடல் இங்கே வந்தது. 2022 மே 15-ல் ரோமில் புனிதராக அறிவித்தபோது அம்மா டிவிக்கு முன்னால் முக்காடு போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

அவரை மனம் மாற்றியது யார் என்று பார்த்தால் கதை டச்சுக்காரரிடம் போகும். 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கம்பெனியைத் தோற்கடித்தது. பிடிபட்டவர்களில் டிலனாய் என்ற கப்பித்தானும் ஒருவர். ராஜா அவரைக் கொல்லாமல் தன் படைக்கே பயிற்சி கொடுக்க வைத்தார். டிலனாய் கத்தோலிக்கர். வாழ்க்கையில் அடி மேல் அடி வாங்கி நொந்திருந்த நீலகண்ட பிள்ளைக்கு வேதாகமத்திலிருந்து யோபுவின் கதையைச் சொன்னவர் அவர்தான்.

திரும்பும் வழியில் புலியூர்க்குறிச்சியில் இறங்கி உதயகிரிக் கோட்டைக்குள் போனோம். வனத்துறை இப்போது அதைப் பூங்காவாக வைத்திருக்கிறது. மான், மயில், காதலர்கள். உள்ளே ஒரு சிதைந்த சிற்றாலயம், அதில் டிலனாயின் கல்லறை. 1777-ல் இறந்திருக்கிறார். கல்லில் லத்தீன், அதற்குக் கீழே தமிழ். மழையில் நின்றுகொண்டு மைனி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். அம்மாவுக்கு ஆர்வமில்லை. "எங்க ஊர்க் கடற்கரையில தோத்தவன்தானே" என்று வெளியே போய் நின்றுகொண்டாள். குளச்சலில் மீனவர்கள் துடுப்பைத் தோளில் துப்பாக்கி போலச் சாய்த்து வரிசையாக நின்று டச்சுக்காரனை ஏமாற்றினார்கள் என்று ஒரு கதை உண்டு. அம்மா அதைத் தன் சொந்தத் தாத்தா செய்தது மாதிரியே சொல்வாள்.

தக்கலையில் ரசவடையும் சாயாவும். மூன்று பேருக்கு 66 ரூபாய்.

ஆகஸ்ட் 22, வெள்ளி – களியக்காவிளை, திருவனந்தபுரம், கொல்லம் வழியாக

களியக்காவிளையில் காலைச் சாப்பாடு. புட்டு, பயறு, பப்படம். ஒரு தட்டு 55. தண்ணீர் கேட்டால் பதிமுகம் போட்ட இளஞ்சிவப்பு வெந்நீர் வந்தது. பப்படத்தை உடைத்துப் பயறோடு பிசையும்போது பக்கத்து மேஜைக்காரர், "பழம் வேண்டாமா?" என்று தன் தட்டிலிருந்த மட்டிப்பழத்தை அம்மாவிடம் நீட்டினார். எல்லைச் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் மலையாளம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். 1956 நவம்பர் 1 வரைக்கும் இரண்டு பக்கமும் ஒரே மாநிலம்தான். அவர் பேசியது எந்த பாஷை என்று எனக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, பழம் நன்றாக இருந்தது.

திருவனந்தபுரத்தில் பாளையம் புனித யோசேப்பு பேராலயத்தை ஒரு எட்டு பார்த்தோம். பள்ளிவாசலும் கணபதி கோயிலும் அருகருகே, கூப்பிடு தூரத்தில் பேராலயம். வெள்ளிக்கிழமை தொழுகை நேரம் என்பதால் வண்டிகள் நகரவில்லை. ஆட்டோ மீட்டர் மட்டும் நகர்ந்தது. மைனி அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ரயில் இரண்டு மணி நேரம் தாமதம். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு அறிவிப்பிலும் அரைமணி கூடிக்கொண்டே போனது. ஏறியபின் எதிர் இருக்கையில் ஒரு அம்மையார், ஆஸ்பத்திரியில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறவர். வாழையிலைப் பொதிச்சோறு பிரித்தார். மட்ட அரிசிச் சோறு, சம்மந்தி, முட்டைப் பொரியல், மாங்காய் ஊறுகாய், ஓரத்தில் ஒரு துண்டு நெய்மீன். இலையைத் திறந்ததும் பெட்டி முழுவதும் மணம். அம்மாவைப் பார்த்து "கழிச்சோ?" என்றார். சாப்பிட்டாச்சு என்று அம்மா சொன்னதை அவர் நம்பவில்லை. மீன் துண்டைப் பாதியாகக் கிள்ளி, சோற்றோடு ஒரு உருண்டை அம்மா கையில் வைத்துவிட்டார். முன்பின் தெரியாதவர் கையால் அம்மா சோறு வாங்கிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. "மீன் நேத்தையது. ஆனா கை நல்ல கை" என்று பிறகு காதில் சொன்னாள்.

கொல்லம் ஸ்டேஷனில் அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். இந்தியாவின் முதல் கத்தோலிக்க மறைமாவட்டம் கொல்லம், 1329-ல் ஏற்பட்டது. கோட்டாறு அதிலிருந்து பிரிந்தது 1930-ல்தான். எங்கள் குழித்துறை கோட்டாற்றிலிருந்து பிரிந்தது 2014-ல். அம்மாவுக்கு இது எல்லாம் பாகப்பிரிவினை மாதிரி மனப்பாடம், எந்த வீட்டிலிருந்து யார் எப்போது தனிக்குடித்தனம் போனார்கள் என்று.

எர்ணாகுளத்தில் இறங்கும்போது ராத்திரி ஒன்பதரை, கொட்டும் மழை. போனில் 'லிஃப்ட் உண்டு' என்று சொல்லிய லாட்ஜில் லிஃப்ட் இருந்தது. வேலை செய்யவில்லை. அறை மூன்றாம் மாடி. கீழே அறை இல்லையா என்று கேட்டால், வரவேற்பில் இருந்த பையன் சங்கடமாகச் சிரித்தான். கடைசியில் அவனே அம்மாவின் ஒரு கையைப் பிடித்துக்கொள்ள, நான் மறுகையைப் பிடிக்க, ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று நின்று ஏறினோம். அம்மா வழி நெடுக ஜெபமாலை சொன்னாள். வாடகை 1,800. மைனி அவனிடம் கறாராகப் பேசி 1,500 ஆக்கினாள்.

ஆகஸ்ட் 23, சனி – கொச்சிக் கோட்டை

உயர் நீதிமன்றப் படகுத்துறையிலிருந்து வாட்டர் மெட்ரோ. ஆளுக்கு 40 ரூபாய். ஏசி, பெரிய கண்ணாடி ஜன்னல், படிக்கட்டே இல்லாமல் சமமான மேடையிலிருந்து ஏறலாம். முட்டு வலிக்காரர்களை அழைத்துப் போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதில் போகலாம். பக்கத்திலேயே அரசுப் படகு ஆறு ரூபாய்க்குப் போகிறது, அதில் காற்று வரும், ஏறுவதற்கு ஒரு தாண்டு தாண்ட வேண்டும்.

இறங்கிய இடத்தில் சீன வலைகள். அம்மா அதை வெகுநேரம் பார்த்தாள். நாலு பேர் கயிற்றைப் பிடித்து இழுக்க, கல் கட்டிய கழி இறங்க, வலை எழும்பியது. உள்ளே ஒரு கை அளவு பொடி மீன். "இதுக்கு நாலு ஆளா?" வலைக்காரர் ஒருவர் படம் எடுக்கிறவர்களிடம் காசு வாங்கிக்கொண்டிருந்தார். அம்மாவிடம் வாங்கவில்லை, குளச்சல் என்று சொன்னதும் மீன் விலையைப் பற்றி இருவரும் புலம்ப ஆரம்பித்துவிட்டார்கள்.

சாந்தா குரூஸ் வாசலை அடையும்போது பத்தே முக்கால். வெள்ளை வெளேரென்று இரண்டு கோபுரங்கள், மழையில் கழுவிவிட்டது போல. வாசலில் மல்லிகை அலங்காரம், கார் வரிசை, டிரோனுக்குப் பாலிதீன் பை மூடிக்கொண்டு நிற்கும் ஒரு கேமராக்காரன். கல்யாணம்.

ஆவணி பிறந்த முதல் சனிக்கிழமை. கேரளத்தில் சிங்ஙம் பிறந்தால் கல்யாணம் என்பது எந்த மதத்துக்கும் பொது. சுற்றிப் பார்க்க வந்தவர்களை உள்ளே விட முடியாது என்று கோட்டு போட்ட ஒரு பையன் மிக மரியாதையாகச் சொன்னான். "மூணு மணி கழிஞ்ஞு வரூ அம்மச்சி." மழை வலுத்ததும் அவனே ஓடிவந்து, பக்கவாட்டுத் தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அம்மாவை உட்கார வைத்தான். பெண் வீட்டுக்காரர் ஒருவர் பச்சை நிறச் சர்பத் கொண்டுவந்தார். பக்கக் கதவு வழியே பேராலயத்தின் உட்புறம் என்று நாங்கள் பார்த்தது, ஒரு வீடியோக்காரரின் முதுகு. அகலமான முதுகு.

மூன்று மணி வரை நேரத்தைக் கழிக்க, பத்து நிமிஷ நடை தூரத்தில் இருந்த புனித பிரான்சிஸ் தேவாலயத்துக்குப் போனோம். வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். வாஸ்கோட காமாவைப் புதைத்தது இங்கே. 1524 டிசம்பர் 24-ம் தேதி கொச்சியில் செத்தார், பதினான்கு வருஷம் போல இங்கே கிடந்தார், பிறகு எலும்புகளைப் போர்ச்சுக்கலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். காலியான இடத்தைச் சுற்றி வேலி போட்டு வைத்திருக்கிறார்கள், எல்லோரும் அதைப் படம் எடுக்கிறார்கள். எனக்குப் பிடித்தது கூரையிலிருந்து தொங்கும் நீளத் துணி விசிறிகள். கயிறு சுவரில் உள்ள துளை வழியாக வெளியே போகிறது. இழுக்கிறவன் வெளியே வெயிலில் உட்கார்ந்து இழுக்க வேண்டும், காற்று உள்ளே பிரசங்கம் கேட்கிறவனுக்கு. மைனி அந்தத் துளையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இந்தக் கோயில் கத்தோலிக்கரிடமிருந்து டச்சு சீர்திருத்தக்காரர்களுக்குப் போய், ஆங்கிலிக்கனாகி, இன்று சிஎஸ்ஐ. 1663-ல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் இதைத் தங்கள் வழிபாட்டுக்கு வைத்துக்கொண்டார்கள், சாந்தா குரூஸை ஆயுதக் கிடங்காக்கினார்கள், மற்றக் கத்தோலிக்கக் கட்டடங்களைத் தரைமட்டமாக்கினார்கள். அதே கம்பெனியின் கப்பித்தான்தான் புலியூர்க்குறிச்சியில் தமிழ்க் கல்வெட்டோடு படுத்திருக்கிறார். நேற்றுமுன்தினம் அந்தக் கல்லறையில் நின்றிராவிட்டால் எனக்கு இது உறைத்திருக்காது. ஒரே கம்பெனி, இங்கே பீடத்தை எடுத்துவிட்டு வெடிமருந்து வைத்தது, எங்கள் பக்கம் ஒரு புனிதருக்குக் காரணமானது. அம்மாவிடம் சொன்னேன். "கம்பெனியில என்ன இருக்கு, ஆளுலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, சோறு எங்கே என்று கேட்டாள்.

மதியச் சாப்பாடு: மீல்ஸ் 90, கரிமீன் பொள்ளிச்சது 420. இலையைப் பிரித்ததும் அம்மா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். பரிமாறியவர் திகைத்துப்போனார். கடல் மீன் தின்று வளர்ந்தவளுக்குக் காயல் மீன் மேல் நம்பிக்கை இல்லை. ஆனால் முள்ளைத் தவிர எதையும் மிச்சம் வைக்கவில்லை.

மூன்று மணிக்குப் போனால் இரண்டாவது கல்யாணம்.

அதற்குள் அம்மாவின் சேலையில் முழங்கால் வரை சேறு. ஆட்டோக்காரர் நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, "தமிழாளுகளாணோ? நிங்ஙளுடெ ஆளுகள் வெளியில் உண்டு" என்று தானாகவே வண்டியைத் திருப்பினார். வெளி என்பது கோட்டைக்குப் பக்கத்திலேயே ஓர் இடம். அங்கே தோபி கானா.

இந்தப் பயணத்தில் நான் திட்டத்தில் எழுதாத இடம் இதுதான், அதிக நேரம் இருந்ததும் இங்கேதான். டச்சுக்காரர்கள் காலத்தில் படை உடுப்பு துவைப்பதற்காகத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழி வந்தவர்கள் என்று அவர்களே சொல்கிறார்கள். முன்பு குளங்களில் துவைத்தார்களாம். இப்போதுள்ள கட்டடம் 1976-ல் வந்தது. வரிசையாகத் தடுப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு தொட்டி, ஒரு கல். வெளியே திறந்த மைதானத்தில் கொடிகள். கொடி என்றால் முறுக்கிய கயிறு, கிளிப் கிடையாது. முறுக்கைக் கொஞ்சம் பிரித்துத் துணியின் ஓரத்தைச் செருகிவிடுகிறார்கள், எந்தக் காற்றுக்கும் விழாது. அன்றைக்கு மழை என்பதால் மைதானம் காலி. ஓட்டல் படுக்கை விரிப்புகள் எல்லாம் கொட்டகைக்குள் தோரணமாகத் தொங்கின. ஒரு பக்கம் கரிப் பெட்டியை ஊதிக்கொண்டு ஒரு பெரியவர் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய தமிழ் எங்கள் தமிழ் இல்லை, மலையாளமும் இல்லை. பாட்டன் காலத்திலிருந்து கொண்டுவந்து பத்திரமாக வைத்திருப்பது. "எந்த ஊரும்மா?" என்றார். குளச்சல் என்றாள் அம்மா. அவருக்குத் தெரியவில்லை. கன்னியாகுமரி என்றதும் தெரிந்தது. "நம்ம பூர்வீகம் எந்தப் பக்கம்னு எங்கப்பாவுக்கே தெரியாது, தமிழ்நாடு, அவ்வளவுதான்" என்றார். அம்மாவின் சேலை ஓரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார். ஒரு அம்மாள் வந்து, அம்மாவை ஸ்டூலில் உட்கார வைத்து, கட்டிய சேலையின் கீழ்ப் பகுதியை மட்டும் வாளியில் நனைத்துக் கசக்கி, பிழிந்து, அப்படியே இஸ்திரிப் பெட்டியின் சூட்டைக் காட்டி உலர்த்திவிட்டார். காசு வாங்க மறுத்தார்கள். மைனி தன் பையிலிருந்த நேந்திரம்பழங்களை வைத்துவிட்டு வந்தாள்.

கோயிலைப் பார்க்க முடியவில்லை என்று சொன்னேன். பெரியவர் சிரித்தார். "சனிக்கிழமை யாராச்சும் சாந்தாகுரூஸ் போவாங்களா? ஞாயித்துக்கிழமை காலப் பூசைக்குப் போங்க. பூசை கேக்க வர்றவங்கள யாரு தடுப்பா? முடிஞ்சதும் சாவகாசமா பாருங்க." பிறந்ததிலிருந்து அந்தக் கோபுரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர், பேராலயத்துக்குள் போனது ஒரு கூட்டாளி மகள் கல்யாணத்துக்கு மட்டுமாம்.

இரவு எர்ணாகுளத்து மூன்றாம் மாடியை நினைத்தாலே அம்மாவுக்கு முட்டு வலித்தது. அருகிலேயே ஒரு வீட்டில் தரைத்தள அறை கிடைத்தது, 1,400. வீட்டுக்கார அம்மா கேட்காமலே ஒரு வாளி சுடுதண்ணீரில் கல்லுப்பு போட்டுக் கொண்டுவந்து வைத்தார். நான் மட்டும் எர்ணாகுளம் போய் லாட்ஜில் இருந்த பைகளை எடுத்துவந்தேன், போகும்போது ஆறு ரூபாய்ப் படகில். நனைந்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு – சாந்தா குரூஸ், பிறகு வீடு

காலைப் பூசை. மலையாளம்தான், எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அது தடையில்லை. அம்மா பதிலுரைகளைத் தமிழில் முணுமுணுத்தாள். முன் வரிசையில் இடம் கொடுத்தார்கள்.

பூசை முடிந்து கூட்டம் கலைந்ததும் மேலே பார்த்தோம். கூரையிலும் பீடத்துக்குப் பின்னாலும் வண்ணம் வண்ணமாகப் படங்கள். இயேசுவின் பாடுகள், கடைசி இராவுணவு. வரைந்தவர் அந்தோணியோ மொஸ்கேனி என்ற இத்தாலிய இயேசு சபைச் சகோதரர். மங்களூர் புனித அலோசியஸ் கல்லூரிச் சிற்றாலயத்தை நிரப்பியவரும் அவரே. இந்தப் பேராலயம் 1905 நவம்பர் 19-ல் அபிஷேகம் ஆனது. அதற்கு நான்கு நாள் முன்னால் அவர் இறந்துவிட்டார். தான் வரைந்த சுவர்களுக்கு நடுவே பூசை நடப்பதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. இதைச் சொன்னதும் மைனிக்குக் கண் கலங்கிவிட்டது, தேதியைத் திரும்பக் கேட்டாள். அம்மா கடைசி இராவுணவில் யூதாஸ் எவன் என்று தேடிக்கொண்டிருந்தாள்.

1905 என்பதைக் கவனிக்கவும். 1505, 1558-ல் பேராலய அந்தஸ்து என்றெல்லாம் படித்துவிட்டு வருகிறவர்கள் இந்தக் கட்டடத்துக்கு ஐந்நூறு வயது என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். நேற்று தாழ்வாரத்தில் ஒரு வழிகாட்டி ஒரு கூட்டத்துக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். இது 120 வருஷக் கட்டடம். போர்ச்சுக்கீசியர் கட்டியதை டச்சுக்காரர் கிடங்காக்க, 1795-ல் கொச்சியைப் பிடித்த ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிவிட்டார்கள். 1887-ல் வந்த ஆயர் கோமஸ் ஃபெரைரா மறுபடி கட்டும் வேலையைக் கையில் எடுத்தார். 1984-ல் இரண்டாம் ஜான் பால் பசிலிக்கா ஆக்கினார். பழையதில் எஞ்சியது, வளாகத்தின் தென்கிழக்கு மூலையில் நிற்கும் ஒரு கருங்கல் தூண்.

அந்தத் தூணைப் படம் எடுக்க யாரும் வரவில்லை. ஈரமாக, பாசி பிடித்து, பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர் நிறுத்தியிருந்தது. உண்மையில் நாங்கள் பார்க்க வந்தது இதைத்தான். சவேரியார் கொச்சிக்கு வந்துபோன நாட்களில் இங்கே நின்றது அந்தப் பழைய கோயில். அம்மாவிடம் சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் தூணைத் தொட்டு, நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். எவ்வளவு நேரம் என்றால், ஸ்கூட்டர்க்காரர் வந்து, வண்டியை எடுக்காமல் காத்திருந்து, வாட்சைப் பார்க்கும் அளவுக்கு.

பிறகு அண்ணாந்து ஒருமுறை அளந்தாள். "குளச்சல்ல நம்ம ஜெயிச்சதுக்கு நாட்டின தூணு இதவிட உசரம் மக்களே." ஸ்கூட்டர்க்காரர் சிரித்துவிட்டார்.

வெளியே அப்பமும் முட்டைக் கறியும், மூன்று பேருக்கு 210. வெயில் அடித்தது. வந்ததிலிருந்து முதல்முறையாகக் குடை பைக்குள் போனது.

எர்ணாகுளத்தில் சிப்ஸ் கிலோ 520 என்றார்கள். தேங்காயெண்ணெய் லிட்டர் 400-ஐத் தாண்டிப் பல நாள் ஆகிறது, ஓணம் வேறு நெருங்குகிறது. மைனி தொடவில்லை, ஊர்ப் பக்கம் வாங்கலாம் என்றாள். திருவனந்தபுரத்தோடு ரயில் நின்றுவிட, பஸ் மாறிக் களியக்காவிளையில் இறங்கினால் 480. கடைக்காரர் சட்டியிலிருந்து சூடாக ஒரு பிடி எடுத்து அம்மா கையில் கொட்டிவிட்டு, "ஓணம் கழிஞ்சு வாங்க, குறையும்" என்றார்.

"ஓணத்துக்குத்தானே அண்ணாச்சி சிப்ஸ் வேணும்?" என்று மைனி கால் கிலோ வாங்கினாள். 120 ரூபாய், சாம்பிளுக்குக் கொடுத்ததை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.